குண்டுமல்லி வைக்கப் போகிறீர்களா? நாற்று வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் 50 சென்ட் நிலத்தில் குண்டுமல்லி வைத்து நாலு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடமும் வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். நாற்றை வாங்கி வந்துவிட்டுக் குழி தோண்டினேன், நட்டு முடித்த பிறகு சொட்டுநீர் மானியத்துக்கு அலைந்தேன், பூ வந்த பிறகு பறிக்க ஆள் தேடினேன். செடி மேல் ஒரு குற்றமும் இல்லை. நட்டுவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் பூத்துக்கொண்டே இருக்கும் செடி அது. ஊருக்குத் திரும்பி வந்து பூந்தோட்டம் போடலாம் என்று இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் மழைக்காலத்தைக் கணக்கில் கொண்டு மாதங்களைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பூ, எத்தனை சென்ட்

'மல்லி' என்று பொதுவாகச் சொல்லி நாற்று கேட்காதீர்கள். குண்டுமல்லி வேறு, முல்லை வேறு, பிச்சி என்கிற ஜாதிமல்லி வேறு, காக்கடா வேறு. நடவு இடைவெளி, கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) மாதம், மார்க்கெட் விலை எல்லாமே மாறும். இந்தக் கட்டுரை முழுக்கக் குண்டுமல்லியைப் பற்றியது. மதுரை மல்லி என்று 2013இல் புவிசார் குறியீடு வாங்கியதும் இந்த இனம்தான்.

எவ்வளவு இடத்தில் வைப்பது என்பதை நிலத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலை எட்டு மணிக்குள் உங்கள் வீட்டில் எத்தனை கை பூப் பறிக்கும்? அதுதான் கணக்கு. ஒரு கிலோ பூ என்றால் சுமார் 4,000 மொட்டு. ஒவ்வொன்றையும் விரலால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். பழகிய ஒருவர் விடியலில் தொடங்கினால் எட்டு மணிக்குள் இரண்டு கிலோ, கை வேகமாக இருந்தால் மூன்று கிலோ பறிப்பார். 50 சென்ட் தோட்டம் சித்திரை, வைகாசியில் நாளைக்கு 15 கிலோ கொடுக்கும். அப்படியென்றால் ஆறேழு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் நான், மனைவி, அம்மா மூன்றே பேர். மீதிப் பூ செடியிலேயே மலர்ந்து கொட்டியதை முதல் கோடையில் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 20 சென்ட் போதும். ஊரில் பறிக்கும் ஆட்கள் உறுதியாகக் கிடைத்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

2. காகிதங்கள்: ஏப்ரலிலேயே தொடங்குங்கள்

நடவு ஜூன் முதல் நவம்பர் வரை. சொட்டுநீர் மானியம் கையில் வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதனால் காகித வேலையைச் சித்திரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். இரண்டரை ஏக்கருக்குள் இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. தேவையானவை:

சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), நில வரைபடம் (புலப்படம் என்பார்கள்), சிறு குறு விவசாயி சான்று, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், மண் மற்றும் தண்ணீர் பரிசோதனை முடிவு, இரண்டு பாஸ்போர்ட் அளவு படம்.

சிட்டாவை அரசு இணையதளத்தில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம், காசு இல்லை. அடங்கலுக்கு விஏஓவை (கிராம நிர்வாக அலுவலர்) பார்க்க வேண்டும். சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். நான் கட்டியது 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்டி வரும் சான்று இது. எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. எந்த மேஜையில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே தூங்கும்.

நான் விழுந்த குழிகளைச் சொல்கிறேன்.

கூட்டுப் பட்டா. எங்கள் நிலம் அப்பா, இரண்டு சித்தப்பா பெயரில் இருந்தது. வாய்ப்பேச்சாகப் பிரித்து முப்பது வருடமாக அவரவர் பங்கை உழுகிறோம். காகிதத்தில் அப்படி எந்தப் பிரிவினையும் இல்லை. விண்ணப்பம் அங்கேயே நின்றது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க சர்வேயர் வந்து அளக்க வேண்டும், பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஐந்து மாதம் போனது. உங்கள் சிட்டாவில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

பெயரில் இனிஷியல். பட்டாவில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி இருந்தால் திரும்பி வரும். விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவசரம். மானியத்துக்கான பணி ஆணை கைக்கு வரும் முன் குழாய் வாங்கிப் பதித்துவிடாதீர்கள். நான் பொறுமை இல்லாமல் பக்கவாட்டுக் குழாயை என் காசில் போட்டேன். ஆய்வுக்கு வந்தவர் பார்த்துவிட்டு, ஏற்கெனவே இருக்கும் அமைப்புக்கு மானியம் தர முடியாது என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றேன்.

இன்னொன்று: '100 சதவீதம்' என்பது அரசு நிர்ணயித்த தொகை வரைக்கும்தான். கிணறு தொலைவில் இருந்து கூடுதல் குழாய் தேவைப்பட்டால் அந்த வித்தியாசம் உங்கள் பை. சொட்டுநீர் அமைக்கும் நிறுவனத்தார் அளந்து கொடுக்கும் மதிப்பீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு வருடம் ஆக வேண்டும் என்பதால், குழாயின் தரத்தில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

மலர் சாகுபடிக்கென்று தனி மானியமும் சில வருடம் வரும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கேட்டால் அந்த வருட ஒதுக்கீடு தெரியும். உழவன் செயலியிலும் முன்பதிவு செய்யலாம். இதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்.

3. மண்ணும் தண்ணீரும்

தண்ணீர் தேங்காத செம்மண், மணல் கலந்த செம்மண் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். கார அமிலத்தன்மை (pH) 6.5இலிருந்து 7.5க்குள் இருக்க வேண்டும். களிமண்ணில் வேர் அழுகும். உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு மண் என்றால் இலை மஞ்சளடிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக் காசு அளவுதான். ஒரே இடத்தில் தோண்டிக் கொடுக்காமல், தோட்டத்தில் ஏழெட்டு இடத்தில் முக்கால் அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொடுங்கள். போர் தண்ணீரை மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள்.

4. நாற்று

ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கம்தான் குண்டுமல்லி நாற்றுக்குப் பெயர்போனது. அந்தக் கடலோர மணலில் குச்சி நட்டு வேர்விட வைத்து, கட்டுக் கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். உள்ளூர் நர்சரிக்காரரும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கொண்டுவருவார். இடையில் எத்தனை நாள் கட்டிலேயே கிடந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் தடவை நான் வாங்கிய கட்டு மேலுக்குப் பச்சையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து ஒரு நாற்றை உருவி, வேரை விரலில் சுற்றி இழுத்தார். தோல் உரிந்து கையோடு வந்தது. "தம்பி, இது செத்து நாலு நாளாச்சு. இலைக்கு இன்னும் சேதி போகல" என்றார். 1,300 நாற்றில் 400க்கு மேல் பட்டுப்போனது.

அதனால் வாங்கும்போது கட்டின் நடுவிலிருந்து ஐந்தாறு நாற்றை உருவிப் பாருங்கள். ஓரத்தில் இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். வேர் வெளுப்பாக, நகத்தால் கீறினால் ஈரமாக இருக்க வேண்டும். வேரில் கடுகு அளவு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது நூற்புழு. அந்தக் கட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், நிலத்துக்குள் வந்துவிட்டால் போகாது. ஈரச் சாக்கில் கட்டி, வெயில் படாமல், ராத்திரிப் பயணமாகக் கொண்டுவாருங்கள். வந்த மறுநாளே நட்டுவிட வேண்டும். எண்ணிக்கையில் நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கி, ஓரமாகப் பையில் வளர்த்து வைத்தால் பட்டுப்போன இடத்துக்கு ஆகும்.

5. குழியும் நடவும்

ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம். நடவுக்கு ஒரு மாதம் முன்பே தோண்டி ஆறப்போட வேண்டும். குழிக்குக் குழி 1.25 மீட்டர், அதாவது நாலு அடிக்குச் சற்றுக் கூட. ஏக்கருக்கு 2,600 செடி வரும். அதிகச் செடி, அதிகப் பூ என்று மூன்றடிக்கு நெருக்கிவிடாதீர்கள். மூன்றாம் வருடம் உள்ளே நுழைந்து பறிக்க முடியாது, காற்றும் ஓடாது.

குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய எரு. மக்கியது என்றால் கையில் எடுத்தால் சூடோ நாற்றமோ இருக்கக் கூடாது. பச்சை எருவைப் போட்டால் கரையான் வரும். நடும் முன் வேரை சூடோமோனாஸ் (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கரைசலில் (லிட்டருக்குப் 10 கிராம்) அரை மணி நேரம் நனைத்து வையுங்கள். மாலை நேரத்தில் நட்டு, உடனே தண்ணீர். அப்புறம் மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர்.

ஆறு மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். பெண்கள் தலையில் வைத்துக்கொள்ள ஆகும், வருமானம் என்று எண்ண வேண்டாம். கணக்குப் பார்க்கும் அளவுக்குப் பூ இரண்டாம் வருடம், முழு விளைச்சல் மூன்றாம் வருடம்.

6. கவாத்து: தேதி தவறினால் சீசன் தவறும்

நவம்பர் கடைசி வாரம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கார்த்திகை பிறந்து பத்து நாளைக்குள் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி, கொஞ்சம் கூட (45 முதல் 50 செ.மீ.) விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். காய்ந்த குச்சி, குறுக்கே ஓடும் குச்சி, நோய்ப்பட்டது எல்லாம் போக வேண்டும். வெட்டியதைத் தோட்டத்திலேயே குவித்துவைக்காமல் வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

முதல் தடவை வெட்ட மனசு வராது. நன்றாகத் தழைத்து நிற்கும் செடியை மொட்டைக் குச்சியாக்கச் சொல்கிறார்களே என்று இருக்கும். நான் அப்படித் தயங்கி, தை மாதத்தில்தான் கத்தரியை எடுத்தேன். ஊரே மாசி, பங்குனியில் நல்ல விலைக்குப் பூ போட்டுக்கொண்டிருக்க, என் செடி துளிர்விட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பூ வந்த நேரத்தில் மார்க்கெட்டே பூவால் நிரம்பிவிட்டது.

குளிர்காலத்தில் பூ குறைவு, விலை உச்சம். அதைப் பிடிக்கச் சிலர் தோட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் செப்டம்பர் கடைசியில் வெட்டுகிறார்கள். முதல் இரண்டு வருடம் அந்த விளையாட்டுக்குப் போக வேண்டாம்.

7. உரம்

வளர்ந்த செடி ஒன்றுக்கு வருடத்துக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 கிராம். கடை மூட்டைக் கணக்கில் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம். இதைப் பாதியாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் ஒரு பாதி, ஜூன் ஜூலையில் மறுபாதி. கூடவே பத்துக் கிலோ எரு. இளஞ்செடிக்கு இதில் பாதிக்கும் கீழே போதும். இலை மஞ்சளடித்தால் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். மஞ்சளைப் பார்த்து யூரியாவை அள்ளிப் போடுவதுதான் புதியவர்கள் செய்வது. கிளை வரும், பூ வராது.

8. மொட்டு சிவந்தால்

வெள்ளையாக இருக்க வேண்டிய மொட்டு ஊதா கலந்து சிவந்தால் இரண்டில் ஒன்று. மொட்டில் ஓட்டை, நூலாம்படை மாதிரி இழை இருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை இல்லாமல் மொட்டின் அடி வீங்கிச் சிவந்து உதிர்ந்தால் மொட்டு ஈ. பிரித்துப் பார்த்தால் உள்ளே பொடிப் பொடியாக வெள்ளைப் புழு நெளியும். இது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும் என்பதால் செடியடி மண்ணை அடிக்கடி கொத்திவிட்டால் பாதிக்குப் பாதி குறையும். சிவந்த மொட்டைக் கீழே போடாமல் ஒரு பையில் எடுத்து அழியுங்கள். இரண்டுக்கும் தொடக்கத்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம். இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

மருந்துக் கடையில் போய் "மல்லிக்கு ஒன்று கொடுங்க" என்றால் மூன்று பாட்டில் கலந்து கொடுப்பார்கள். ஒரு மொட்டைப் பையில் போட்டுத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

9. பறிப்பும் மார்க்கெட்டும்

முற்றி, வெளுத்து, இன்னும் விரியாத மொட்டு. சூரியன் ஏறும் முன் பறித்துவிட வேண்டும். அன்று மாலை தானாக விரியும் மொட்டு எது, நாளைக்கு விரிவது எது என்று பார்த்ததும் தெரிய ஒரு மாதப் பழக்கம் வேண்டும். பச்சை மொட்டு கலந்தால் கடைக்காரர் ஒரு கைப்பிடி அள்ளி உங்கள் முகத்துக்கு நேராக நீட்டுவார், விலையில் பத்து இருபது இறங்கும்.

ஈரத் துணியில் கட்டிக் கொண்டுபோனால் எடை கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தராசில் வைக்கும் முன்பே பூவைக் கையில் அமுக்கிப் பார்த்து ஈரத்துக்குக் கழித்துவிடுவார்கள்.

மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டை இரண்டும் எங்களுக்கு எட்டும் மார்க்கெட். கமிஷன் நூற்றுக்குப் பத்து. காலை ஆறு மணி விலை ஒன்பது மணிக்கு இருக்காது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் ஏறும், மறுநாள் விழும். பொங்கல் சமயத்தில் கிலோ 3,000 தாண்டியதும் உண்டு, கோடையில் 200க்குக் கீழே வந்து வாசனைத் திரவிய ஃபேக்டரிக்குப் போனதும் உண்டு. நம்மிடம் பொங்கலுக்கு நாலு நாள் ஒன்றரைக் கிலோதான் இருக்கும் என்பதை மறந்துவிட்டு அந்த 3,000ஐ 15 கிலோவால் பெருக்கிக் கனவு காணக் கூடாது. நான் கண்டேன்.

முன்பணம் பற்றிக் கவனம். கடைக்காரர் 20,000, 30,000 என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார், வட்டி இல்லை என்பார். வாங்கிவிட்டால் அது தீரும்வரை பூ அந்தக் கடைக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். முதல் சீசனில் ஒரு பைசா வாங்காமல், இரண்டு மூன்று கடையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தினமும் எடை, விலை, கழிவு எழுதிய சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.

10. என் செலவு

50 சென்ட்டுக்கு, நான் நட்ட வருடத்துக் கூலிப்படி: நாற்று 1,300க்கு 6,500, வண்டி 1,500, எரு நாலு டிராக்டர் 14,000, குழி 13,000, நடவுக் கூலி 5,000. ஆக 40,000. பட்டுப்போன நாற்றுக்கு மறுபடி வாங்கியது, கழற்றிய குழாய் எல்லாம் இதில் சேரவில்லை. அது என் முட்டாள்தனத்துக்கான தனிக் கணக்கு.

அன்றாடச் செலவில் பெரியது பறிகூலி. நான் கிலோவுக்கு 50 கொடுத்தேன். பூ 200 விற்றால் கமிஷன் 20, வண்டிக்கு 10 போக 120 நிற்கும். அதில்தான் உரமும் மருந்தும். பூ 100க்கு வந்தால் 30தான் கையில் நிற்கும், உரக்காசுக்கே பற்றாது. அந்த வாரங்களில் வீட்டுக் கை பறித்தால் மட்டுமே லாபம்.

11. வீட்டு மருந்துக்குப் பத்துச் செடி தனியாக

கிணற்றடியில் பத்துச் செடியை மருந்தே அடிக்காமல் விட்டுவையுங்கள். மார்க்கெட்டுக்குப் போகும் பூவில் மருந்து அடித்து எத்தனை நாள் ஆனது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதை உடம்பில் வைத்துக் கட்டுவதோ எண்ணெய் காய்ச்சுவதோ வேண்டாம்.

குழந்தைக்குப் பால் மறக்கடிக்கும்போது மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் ஊர்களில் பாட்டிமார் செய்துவந்த வைத்தியம். பால் சுரப்பு குறையும், கட்டிய வலி தணியும். 1988இல் வெளியான ஒரு ஆய்வில், பால் நிறுத்த அப்போது கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்வதாகக் கண்டார்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் இதைத் தெரியாமல் செய்துவிடக் கூடாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் பூவை எடுத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வாய்ப்புண்ணுக்கு மென்று துப்பச் சொல்வது பிச்சி இலையை. குண்டுமல்லி இலையைப் பறித்து மென்றுவிட்டுப் பலனில்லை என்று வந்தவரைப் பார்த்திருக்கிறேன். கண் எரிச்சலுக்கு மூடிய இமைமேல் குளிர்ந்த மொட்டை வைத்துப் படுப்பது சரி, சாறு பிழிந்து கண்ணில் விடுவது கூடாது.

எண்ணெய்க்கு அம்மா செய்யும் முறை: மாலையில் விரியத் தொடங்கிய பூ இரண்டு கைப்பிடி, நிழலில் ஒரு மணி நேரம் ஈரம் போக விரித்து, அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் போட்டு மூடி வைப்பார். மறுநாள் பூவை வடித்து எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படி ஏழு நாள். அடுப்பில் வைப்பதில்லை. ஈரப் பூவைப் போட்டால் நாலாம் நாளே எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், கொட்ட வேண்டியதுதான்.